நாளுக்கு ஒரு காவதம்: பழந்தமிழ் நூல்களோடு ஓராண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர், கல்யாண வீட்டில் சித்தி, மகளின் தோழிகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே பதிலை நாற்பது தடவை சொன்னதில் பதில் தேய்ந்துபோயிற்று. இன்னும் தேய்வதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

சரியாக என்னதான் செய்தீர்கள்?

2023 பொங்கலன்று தொடங்கி 2024 போகியன்று முடிப்பது. அதற்குள் பத்துப் பழைய தமிழ் நூல்களை மூலத்தோடு, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை வாசிப்பது. எனக்கு நானே கட்டிக்கொண்ட பந்தயம் இது. திருக்குறள், குறுந்தொகை, புறநானூறு, சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, கலிங்கத்துப்பரணி, முக்கூடற்பள்ளு, கம்பராமாயணத்தில் சுந்தர காண்டம் மட்டும், கடைசியாக ஆண்டாளின் திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும்.

ஒன்பது முடிந்தன. ஒன்று முடியவில்லை. எது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில்தான் சொல்வேன்.

ஜனவரி 1 இருக்க, ஏன் தை 1?

ஜனவரி 1 அன்று எடுத்த எந்தச் சபதமும் என்னிடம் பிப்ரவரியைப் பார்த்ததில்லை. தவிர, தையில் தொடங்கினால் ஆண்டு மார்கழியில் முடியும். முப்பது பாசுரம் உள்ள திருப்பாவைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அந்த ஆண்டு மார்கழிக்கு 29 நாள்தான். கடைசி நாளில் இரண்டு பாசுரம்.

நீங்கள் தமிழ் படித்தவரா?

வணிகவியல் படித்தவள். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளியில் மனப்பாடப் பகுதிக்கு ஐந்து மதிப்பெண் என்பதற்காகப் புறநானூற்றை உருப்போட்டவர்களில் ஒருத்தி. செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையின் பெயரை யாராவது சொன்னால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவேன்.

எந்த நூலில் தொடங்குவது?

குறுந்தொகையில். யார் வேறு எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள். பாட்டுக்கு நான்கு அடி முதல் எட்டு அடி வரைதான் (ஓரிரண்டு மட்டும் ஒன்பதுக்குப் போகும்). அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடலாம். 401 பாட்டிலும் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பது தலைப்பிலேயே இருக்கும்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, செவிலி (வளர்த்த தாய்) நற்றாய்க்கு (பெற்ற தாய்க்கு) சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாட்டு புரிந்த மாதிரி.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது 167ஆம் பாட்டு. எழுதியவர் கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் போன பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்றவளிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைக் கையால் பிசைந்தாள். அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட இல்லாமல் வேலை செய்தாள். தாளித்த புகை மை தீட்டிய கண்ணில் போய் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சொல்லிச் சாப்பிட்டான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. அவ்வளவுதான் பாட்டு. ஆறே அடி.

அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லில் நான் ஒரு வாரம் நின்றேன். சிரித்தாள் என்று இல்லை, பூரித்தாள் என்று இல்லை. மகிழ்ச்சி வெளியே தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அதையும் செவிலி பார்த்துவிட்டாள். செல்லமாக வளர்ந்த பெண் அடுப்புப் புகையில் நிற்கிறாளே என்று தாய் கலங்கிவிடக் கூடாது என்று எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொல்கிறாள் பாருங்கள். கல்யாணமான புதிதில் என் அம்மா என்னைப் பார்க்க வந்துவிட்டுப் போய் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன்.

மூலத்தைப் பார்த்தாலே கண் கட்டுகிறதே?

கட்டும். கண்ணால் பார்க்காதீர்கள், வாயால் வாசியுங்கள். இந்தப் பாட்டுகளெல்லாம் காதுக்காகச் செய்தவை. அச்சில் பார்க்கும்போது முட்டுக்கட்டையாக இருக்கும் அடி, உரக்கச் சொன்னால் தானே இரண்டாக, மூன்றாகப் பிரியும்.

இன்னொன்று, பதம் பிரித்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். 1950களில் மர்ரே எஸ். ராஜம் இப்படிச் சந்தி பிரித்த மூலங்களைக் குறைந்த விலையில் வெளியிட்டார். என்னைப் போன்றவர்களுக்கு அவர் செய்த உபகாரம் சாதாரணமானதில்லை. சேர்த்து எழுதிய மூலத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் வீரம் எதுவும் கிடையாது.

நான் வைத்துக்கொண்ட முறை: இரவு மூலத்தை உரக்க வாசிப்பேன், புரிந்தது புரிந்தபடி. மறுநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் எண் பஸ்ஸில் போகும்போது உரை. அன்றிரவு புதிய பாட்டுக்குப் போவதற்கு முன் பழைய பாட்டை மறுபடி ஒருமுறை வாய்விட்டு. இரண்டாம் தடவை வாசிக்கும்போது வீட்டில் திடீரென்று விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

'மாதோ', 'மன்ற', 'அம்ம', 'வாழி' என்று வரும்போது திகைத்து நிற்காதீர்கள். பாதி இடங்களில் உரைகாரர் 'அசை' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். நாம் பேச்சில் 'வந்து', 'பாருங்கள்' என்று போடுகிறோமே, அதுபோல. பயப்பட வேண்டியது தெரிந்த சொற்களுக்குத்தான். 'நாற்றம்' என்றால் நல்ல மணம். 'தூங்குகிறது' என்றால் தொங்குகிறது. தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றுவது இவைதான்.

எந்த உரையைப் படிப்பது?

ஒரு நூலுக்கு ஒரே உரை என்பது என் விதி. குறுந்தொகைக்கு உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு. புறநானூற்றுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை. சிலப்பதிகாரத்துக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார். குறளுக்குப் பரிமேலழகர், அவரே புரியாத நாளில் மு.வ.வின் தெளிவுரையை எட்டிப் பார்த்தேன். அவசரமாகக் கருத்து மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குப் புலியூர்க் கேசிகன் இருக்கிறார். அவரைக் குறைவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிப்பு எட்டாத எத்தனையோ வீடுகளுக்குள் சங்கப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

பரிமேலழகர் நல்ல வக்கீல். எதிர்க்கட்சி எழுப்பாத ஆட்சேபணையையும் தானே எழுப்பி, தானே தள்ளுபடி செய்துவிடுவார். சில நாள் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வாதம் என்னவோ பிரமாதம்.

உ.வே.சா. உரையில் ஒரு ஆபத்து உண்டு. பதவுரை, விசேடவுரை எல்லாம் முடிந்ததும் 'ஒப்புமைப் பகுதி' என்று ஒன்று வரும். இந்தத் தொடர் அகநானூற்றில் எங்கே, நற்றிணையில் எங்கே என்று இடம் காட்டுவார். அந்த வழியில் ஒரு அடி வைத்தேன். மூன்று நாள் கழித்து நற்றிணையிலிருந்து திரும்பி வந்தேன்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, எப்படி நேரம் கிடைத்தது?

கணக்கு எளியது. குறளில் 133 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்று சமையலறையில் காலையில் பத்து நிமிடம். வைகாசி நடுவில் முடிந்தது. அதே பத்து நிமிடம் பிறகு பரணிக்கும் பள்ளுக்கும் போயிற்று. இரவுப் பொழுதில் குறுந்தொகை நாளுக்கு நான்கு பாட்டு, 101 நாள். சித்திரை 12இல் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து இருபது நாள் இரவில் புத்தகம் திறக்கவில்லை. குறுந்தொகை வைகாசி பிறந்த பிறகுதான் முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே இரவில் பதினெட்டுப் பாட்டு வாசித்தேன். மறுநாள் அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அன்று எழுதிக்கொண்ட விதி: தவறிய நாளுக்கு வட்டி கிடையாது. அசல்கூடக் கிடையாது. இன்று எதுவோ அது மட்டும். டைரியில் 365 நாளில் 58 நாள் வெற்றுக் கட்டம். அதை மறைக்க ஒன்றுமில்லை.

கூட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது பெரிய பலம். என் மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, காது கூர்மை. "அத்தை, வாசிக்கட்டுமா?" என்று கேட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். கேட்க ஒருவர் காத்திருக்கும்போது 'இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது' என்று சொல்ல வாய் வராது.

கதைதான் எல்லோருக்கும் தெரியுமே, சிலப்பதிகாரத்தை ஏன் வாசிக்க வேண்டும்?

எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. சிலம்பு, பாண்டியன், மதுரை எரிந்தது, தெரிந்ததுதானே? நாடுகாண் காதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புகாரிலிருந்து கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக் கரையிலேயே நடந்து வருகிறார்கள். வந்து சேரும் இடம் 'ஆற்றுவீ அரங்கம்'. ஸ்ரீரங்கம்! நான் பால் வாங்கப் போகிற ஊர். அங்கிருந்து ஓடத்தில் தென்கரைக்குப் போய் உறையூர். நான் தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து செய்யும் பயணத்தை அவர்கள் ஓடத்தில் செய்கிறார்கள். அன்று காலை பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது உரைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த நடையைப் பற்றி இளங்கோ ஒன்று சொல்கிறார்: 'காவதம் அல்லது கடவார் ஆகி'. காவதம் என்பது பழைய தூர அளவு. நாளுக்கு ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை. வழியில் பல நாள் தங்கித் தங்கி வந்தார்கள். கண்ணகியின் கால் அவ்வளவுதான் தாங்கும். இந்த ஓராண்டுக்கு என்ன வேகம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் அளவு இதுதான். சிலம்பில் 30 காதை, இரவுக்கு ஒன்று. அதற்கு மேல் என்னால் கடக்க முடியவில்லை, கடக்க ஆசையும் இல்லை.

தென்கரைச் சோலையில் இன்னொரு சம்பவம். வழிப்போக்கர் இருவர் இவர்களைக் கேலி பேச, கவுந்தியடிகள் நரியாகப் போகும்படி சபித்துவிடுகிறார். கண்ணகியும் கோவலனும் இரக்கப்பட்டுக் கேட்டதால் தண்டனை பன்னிரண்டு மாதமாகிறது. என் மகள் உடனே, "அவர்களுக்கும் ஒரு வருஷம், உனக்கும் ஒரு வருஷம்" என்றாள்.

மணிமேகலை சலிப்பு என்கிறார்களே?

சலிப்புத்தான், சில இடங்களில். சிலம்பை மூடிய மறுநாளே அதைத் திறந்தது என் தவறு. பல சமயவாதிகளும் வரிசையாக வந்து தம் கொள்கையைச் சொல்லும் காதையில் அத்தை குறட்டை விட்டார். நானும் அந்தக் காதையைக் கடமைக்குத்தான் முடித்தேன்.

ஆனால் பசியைப் பற்றித் தமிழில் இதைப் போல் ஒரு காவியம் இல்லை. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்ற நோயோடு அலையும் காயசண்டிகை, கையில் அமுதசுரபி இருந்தும் கேட்க ஆளில்லாத தீவில் தனியாக நிற்கும் ஆபுத்திரன், முதல் பிச்சையை இடும் ஆதிரை. சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றும்படி ஒரு பெண் அரசனைக் கேட்டுச் சாதிக்கிறாள். இதையெல்லாம் பள்ளியில் இரண்டு பத்தியில் முடித்துவிட்டார்களே என்று கோபம் வந்தது.

புறநானூறு என்றாலே 'யாதும் ஊரே'தானே?

அது 192. மற்றவையும் இருக்கின்றன. 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. 266ஐ அடுத்து 269 வரும்போது படியில் கால் தவறியது போல் இருக்கும்.

அத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னது 243. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே நாலு சொல் பேசுகிற கிழவர் தம் இளமையை நினைக்கிறார். ஆற்றங்கரையில் மணல்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு விளையாடியது, தண்ணீர் மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் அசந்துபோகும்படி மடுவில் 'துடுமெனப்' பாய்ந்து, அடியிலிருந்து மணல் அள்ளி வந்து காட்டியது. அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்கிறார். கவிஞரின் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வரும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள்.

வாசித்து முடித்ததும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் குதித்திருக்கிறோம், கொள்ளிடத்தில்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டில் சிறியவர்களுக்குப் பிடித்தது எது?

சந்தேகமில்லாமல் கலிங்கத்துப்பரணி. முதலாம் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர். ஆனால் செயங்கொண்டார் அதைப் பேய்களின் வாயால் சொல்கிறார். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி வைக்கும் அழகே தனி. 'எடுமெடு மெடுமென' என்று போர் தொடங்கும் இடத்தை மகள் கத்தி வாசித்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்து, ஏதும் தகராறா என்று விசாரித்தார்.

ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் வரும் கடை திறப்பு சிருங்காரம். அந்தப் பகுதியை மட்டும் அத்தை முன்னால் வாசிக்காமல் மனத்துக்குள் வாசித்துக்கொண்டேன்.

இவற்றில் உறுத்துகிற விஷயங்களும் இருக்குமே?

நிறைய. குறளில் 'பெண்வழிச் சேறல்' வந்த நாளில், மனைவி சொல் கேட்பவனுக்கு இத்தனை ஏச்சா என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதைச் சொல்வதற்கில்லை. புறநானூற்றில் பகைவன் நாட்டை எரித்ததும் வயலை அழித்ததும் புகழாகவே வருகின்றன. பாடியவர் பரிசிலுக்காக நிற்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

என்னை அதிகம் சங்கடப்படுத்தியது முக்கூடற்பள்ளு. அதில் ஆசையாக வாசிக்கவும் நிறைய உண்டு. மழைக்குறி பார்க்கும் இடத்தில் மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன. நெல்வகை, மீன்வகை, மாட்டுவகை என்று பெயர் பெயராக அடுக்கியிருக்கிறது. மூத்தவளும் இளையவளும் சக்களத்திச் சண்டையில் ஒருத்தி பெருமாளையும் மற்றவள் சிவனையும் கேலி செய்வது வெகு வேடிக்கை. எல்லாம் சரி. ஆனால் வேலை செய்யவில்லை என்று பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுக்கட்டையில் மாட்டும் இடமும் அதே வேடிக்கைக் குரலில்தான் வருகிறது. கால் மரக்கட்டையில் கிடக்கிறது, பாட்டு துள்ளுகிறது. யார் சிரிப்பதற்காக எழுதியது இது என்ற கேள்வி அந்த இடத்தில் எழுந்து கடைசிவரை கூடவே வந்தது. நூலை விட்டுவிடத் தோன்றவில்லை. நெல்லின் பெயர்களையும் அந்தக் கட்டையையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.

புத்தகத்துக்கு எவ்வளவு செலவாயிற்று?

மூவாயிரத்துச் சொச்சம். ஒன்றும் வாங்காமலும் செய்யலாம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த மூலங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உரைகளும் உண்டு. எனக்கு ஓரத்தில் பென்சில் கிறுக்காமல் வாசிக்க வராது என்பதால் வாங்கினேன்.

தபாலில் வரவழைத்த மணிமேகலையில் பதினாறு பக்கம் வெள்ளையாக வந்தது. விற்றவர்களுக்கு மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. அந்தப் பக்கங்களை மின்நூலகத்திலிருந்து அச்செடுத்து ஒட்டினேன். வாங்கும்போது ஒரு தடவை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

கம்பனில் சுந்தர காண்டம் மட்டும் ஏன்? ஏமாற்று வேலை இல்லையா?

ஆறு காண்டமும் சேர்ந்து பத்தாயிரம் பாட்டுக்கு மேல். அதற்கே தனியாக ஓராண்டு வேண்டும். 'கண்டனென்' என்ற ஒரு சொல்லைப் பற்றிப் பட்டிமன்றங்களில் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். நான் அதில் சேர்க்க எதுவுமில்லை. ஊர் தேடு படலத்தை வாசித்துப் பாருங்கள். நள்ளிரவு இலங்கையில் தெருத் தெருவாக, உறங்குகிற ஊரை ஒருவன் விழித்திருந்து பார்க்கிறான். மண்டோதரியைக் கண்டதும் இவள்தான் சீதையோ என்று ஒரு கணம் பதறிப்போகிறான். இரவு பதினொரு மணிக்கு, ஊர் அடங்கிய பிறகு வாசிக்க வேண்டிய படலம்.

முடித்த நாளன்று கோயிலுக்குப் போய், தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் அரங்கேற்றம் செய்ததாகச் சொல்லும் மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம், எனக்கும் ஒரு தொன்னை கொடுத்தது.

குறிப்பேடு வைத்திருந்தீர்களா?

ஒன்று. நாளுக்கு ஒரு சொல் மட்டும். குய்: தாளிப்பு. ஞான்று: அந்த நாள், அந்த வேளை. கங்குல்: இரவு. வேறு எதுவும் எழுதவில்லை.

சரி, முடியாமல் போனது எது?

சீவக சிந்தாமணி.

வெட்கமாகத்தான் இருக்கிறது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், தம்மைப் பார்க்க வந்த கல்லூரித் தமிழாசிரியரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் அடுக்க, சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். அந்த ஆசிரியர் உ.வே.சா. அந்தக் கேள்வியால்தான் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் அதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. நான் முடித்த ஒன்பதில் பாதி, நான் முடிக்காத இந்த ஒன்றின் வழியாக வந்தவை.

நூலின் மேல் குற்றமில்லை. தப்பு என் கணக்கில். பட்டியல் போடும்போது நூலுக்கு ஒரு வரி என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் நாள் ஒதுக்கினேன். சிந்தாமணிக்கு 40 இரவு. திறந்து பார்த்தால் 3145 பாட்டு, இரவுக்கு எழுபத்தொன்பது. எண்ணிக்கையைப் பார்க்காமல் வரியைப் பார்த்து ஒதுக்கீடு செய்வது, கணக்குப் பிரிவில் இருக்கிறவள் செய்யக் கூடாத காரியம். மூன்றாவதான காந்தருவதத்தையார் இலம்பகத்தில், யாழ்ப் போட்டி நடக்கும்போது, நின்றுவிட்டேன். தீபாவளியும் வந்துவிட்டது. மீந்த இரவுகளைக் கம்பனுக்குக் கொடுத்தேன்.

அடுத்து என்ன திட்டம்?

எதுவும் வேண்டாம், ஓராண்டு சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். போகியன்று கடைசிப் பாசுரம் வாசித்து முடித்ததும் (அத்தைக்குப் புத்தகம் வேண்டாம், நான்தான் பார்த்து வாசித்தேன், இரண்டு இடத்தில் திருத்தினார்) புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சிந்தாமணியில் அவர் கேட்டது முதல் இலம்பகம் மட்டும். அதன் பிறகு ஒரு மாதம் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். பகைவன் கையில் ஊர் போகும் நேரத்தில் நிறைமாத அரசியை மயில் வடிவப் பொறியில் ஏற்றிப் பறக்கவிடுகிறான் அரசன்; அது போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறது; அங்கே அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது.

"எல்லாம் சரி அம்மா, சுடுகாட்டில் பிறந்தானே அந்தப் பிள்ளை, அவன் என்ன ஆனான்?" என்றார் அத்தை.

கதையைச் சுருக்கிச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், முதலிலிருந்து வாசி என்றார். இரவுக்கு முப்பது பாட்டு வைத்தால் 105 இரவு. இந்த முறை முதலிலேயே வகுத்துப் பார்த்துவிட்டேன்.